பதினேழு, மில் லேன்

வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது, நான் இன்னும் பிரஷ்ஷைக் கையில் எடுக்கவில்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது. ஆறாம் கட்டில் கிழவருடைய மகள் பாலின் மூன்றரைக்கு வருவாள், வந்தால் ஒரு நிமிஷம் நிற்கமாட்டாள், கார் நிறுத்திய சீட்டுக்கு நேரம் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே அப்பாவைக் கோட்டோடு வாரிக்கொண்டு போய்விடுவாள். அதற்குள் கிழவருக்குச் சவரம் செய்ய வேண்டும், நகம் வெட்ட வேண்டும், பாலின் கொண்டுவந்து மாட்டியிருக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டு, டை கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார்த்த வேண்டும். அதற்குள் இன்னொன்றும் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எதுவென்று மூன்று நாளாக முடிவாகவில்லை. காலையில் ஏழு மணிக்கு மாட்டிய ஷூ, கால் வீங்கி விளிம்பு பதிந்துவிட்டது, குனிந்து நாடாவைத் தளர்த்தலாம்தான், குனிந்தால் நிமிர வேண்டுமே. ஐம்பது வயது நர்ஸுக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கக் கூடாது, கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வர வேண்டும். "என்ன சிஸ்டர், தண்ணிய வச்சிக்கிட்டு என்னத்த யோசிக்கிய?" என்கிறார் கிழவர். அவர் பேசுவது இந்த மாவட்டத்து வயல்காட்டு ஆங்கிலம், லண்டன்காரனுக்கே பாதி புரியாது, பதினான்கு வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் தலைக்குள் அது எங்கள் தென்கோடி நாசரேத் பக்கத்துத் தமிழாகத்தான் வந்து விழுகிறது. ஒன்றுமில்லை, சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்கிறேன். பச்சைப் பொய், தண்ணீர் ஆறியே போய்விட்டது. வில்ஃப்ரெட் ஸ்னெல், எண்பத்தேழு வயது, மூன்றாம் வார்டு, ஆறாம் கட்டில். இதயம் ஓய்ந்துகொண்டு வருகிறது, காலில் நீர், நுரையீரலில் நீர். இன்றைக்கு அவர் தாம் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறார். இந்த ஊர்தான், மருத்துவமனைக்குப் பின்பக்கம் சுற்றிப் போனால் காரில் நான்கு நிமிஷம், பதினேழு, மில் லேன். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த வீட்டில் அவர் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பிறந்தது இந்த வார்டில்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால் என் வாய்தான் காரணம். அடுத்த வசந்தத்தில் இந்த மருத்துவமனையை மூடுகிறார்கள், எல்லாம் மாவட்டத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது, மூடுவதற்கு முன்னால் ஊராரைக் கூப்பிட்டு ஒரு பிரிவு விழா, சாப்பாட்டுக் கூடத்தில் மருத்துவமனையின் வரலாறு எழுதிய பலகைகள் வைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இப்படிப் பலகைகள் இருக்கும் என்று நான் சும்மா இருக்காமல் சொன்னேன். சொன்னவள் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மாதமாக ஓய்வு நேரமெல்லாம் கீழறையில் கிடந்த பழைய பதிவேட்டுப் பெட்டிகளோடு போயிற்று. தூசியில் தும்மித் தும்மி இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளின் கதையைத் தெரிந்துகொண்டேன், யாருக்கு வேண்டும், ஆனால் தெரிந்துகொண்டேன். மாவட்டத் தலைநகரத்தில் தூணும் மணிக்கூண்டுமாக ஒரு ஆஸ்பத்திரி, இருநூற்றைம்பது வருஷம் பழசு, பிரபுக்களும் கம்பளி வியாபாரிகளும் நன்கொடை தந்து கட்டியது. நன்கொடை தந்தவர் சிபாரிசுக் கடிதம் தரலாம், கடிதம் இருந்தால்தான் நோயாளிக்குக் கட்டில், நம் ஊரில் எம்.எல்.ஏ. கடிதத்தோடு அலைகிறோமே, அதேதான். கடிதம் இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சியைச் சேர்க்க மாட்டார்கள், காய்ச்சல்காரனைச் சேர்க்க மாட்டார்கள், சாகப்போகிறவனைச் சேர்க்க மாட்டார்கள். குணமானவன் கோயிலுக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும். குணமாகிறவனை மட்டும் சேர்த்துக்கொண்டால் எந்த ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரிதான். மிச்சப் பேரெல்லாம் எங்கே போனார்கள் என்றால் இப்படிப்பட்ட சின்ன ஊர்களில் இருந்த ஒர்க்ஹவுஸுக்கு, கதியற்றவர்களை அடைத்துவைத்து வேலை வாங்கிச் சோறு போட்ட கட்டடம். இந்த ஆஸ்பத்திரியும் அப்படி ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே போனால் சொந்த உடுப்பைக் கழற்றி வாங்கிவிட்டுச் சீருடை தருவார்கள், புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். அதன் பின்னால் நோயாளிகளுக்கென்று ஒரு கட்டடம், அங்கே நர்ஸ் என்றால் நிற்கத் தெம்புள்ள இன்னொரு கதியற்றவள், சம்பளத்துக்குப் பதில் கூடுதலாகத் தேயிலை. பிறகு மாவட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்டது, பலகை மாறியது, பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டது, மறுபடி பலகை மாறியது. ராத்திரி பிச்சைக்காரராகப் படுத்தவர்கள் காலையில் குடிமக்களாக எழுந்தார்கள், கட்டில் அதுவே, கஞ்சியும் அதுவே. எழுபதுகளில் முன்கட்டடத்தை இடித்துவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் கண்ணாடிக் கதவும் பூப்பாத்தியும் வைத்தார்கள், மில் லேன் பக்கத்துப் பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பழசை இடிச்சாச்சு என்று ஊர் சொல்லிக்கொண்டது. பின்கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. கூரையைத் தாழ்த்திப் பலகை அடித்து, சுவருக்குப் புதினாப் பச்சை பூசி மூன்றாம் வார்டு என்று பெயர் வைத்தார்கள். பதினான்கு வருஷம் இதிலேயே கிடக்கிற எனக்கே தெரியவில்லை, மற்றவர்களைச் சொல்வானேன்.

சோப்பு நுரை நன்றாக வருகிறது. "கன்னத்த உப்புங்க" என்கிறேன், உப்புகிறார். எண்பத்தேழு வயதுக்குத் தாடி என்னமாய் வளர்கிறது, மற்றதெல்லாம் நின்றுகொண்டு வருகிறது, இது மட்டும் தன்பாட்டில் வளர்கிறது. வாய்க்கால் தூர்வாருகிற வேலை பார்த்தவர், ஐம்பது வருஷம் சேற்றில் நின்ற கால், கையெல்லாம் வெடிப்பு. இன்றைக்குக் காலையிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. இப்போது அந்த வீட்டில் குடியிருக்கிற அம்மாள் கேக் செய்து வைத்திருக்கிறாளாம், மாடி அறையைத் திறந்துவிடுகிறாளாம், சன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாமாம். பாலின் இரண்டு மாதமாக அலைந்து அந்த அம்மாளைக் கண்டுபிடித்துச் சம்மதிக்க வைத்திருக்கிறாள், பாலினுக்கு நல்ல மனசு, ஆனால் அவள் எண்ணைப் பார்த்தாளே தவிரச் செங்கலைப் பார்க்கவில்லை. அது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கட்டிய வீடு, சும்மா கிடந்த எண்ணை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். இவர் பிறந்தது அதற்கு இருபது இருபத்தைந்து வருஷம் முன்னால். "சின்னப் பயலா இருக்கச்ச சைக்கிள எடுத்துக்கிட்டு வருவேன் சிஸ்டர், பதினேழத் தேடி. பதினஞ்சு வரைக்கும் வீடு இருக்கும், அதுக்கு அங்கிட்டு ஒரு நெட்டச் செவருதான். அம்மைகிட்ட கேட்டா இடிச்சிட்டாவன்னு சொல்லுவா. செவத்துல சைக்கிளச் சாத்தி வச்சிட்டு ரொட்டியத் தின்னுட்டுப் போயிருவேன்." ரேஸர் கன்னத்தில் அப்படியே நிற்கிறது. அந்தச் சுவர் இந்தச் சுவர். சன்னலுக்கு வெளியே, டாக்டர்கள் கார் நிறுத்துகிற இடத்துக்கு அப்பால் தெரிகிறதே, கறுத்துப்போன அந்தச் சுவர். சைக்கிள் சாத்திய இடத்திலிருந்து இந்தக் கட்டில் ஒரு நாற்பது அடி இருக்குமா, முப்பது அடிதான் இருக்கும், எதற்கு இப்போது அடியை அளக்கிறேன். மேலுதட்டை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன். மேலுதடு எப்போதும் கஷ்டம். அம்மா பாவம் ஒரு வார்த்தை பொய் பேசமாட்டாள் என்கிறார், நான் பொறந்தப்ப சன்னல் வழியா ஆப்பிள் மரம் பூத்து நின்னுச்சுன்னு சொல்லுவா என்கிறார், பேசாதீங்க வெட்டிவிடும் என்று அதட்டுகிறேன். பழைய வரைபடத்தில் பார்த்தேன், கார் நிறுத்துகிற இடம் அப்போது ஆப்பிள் தோப்பு. சொல்ல முடிந்த மட்டும் அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது பெட்டியில், பழைய திரைத்துணிக்கு அடியில் கிடந்தது அந்தப் பதிவேடு, பிரசவப் பதிவேடு. முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, இங்கே பிறக்கிற குழந்தைகளின் பிறப்பிடத்தைப் பதினேழு, மில் லேன் என்றே பதிய வேண்டும், பிற்காலத்தில் சான்றிதழைக் காட்டும் இடங்களில் பிள்ளை தலைகுனிய நேரக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான். யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து இரக்கப்பட்டிருக்கிறார், இல்லாத வீட்டுக்கு எண் கொடுத்திருக்கிறார், அந்த இரக்கத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இந்த மனிதர் எண்பது வருஷம் சுற்றியிருக்கிறார். நாலாய் மடித்த சான்றிதழ், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது, இப்போதும் அந்த வெள்ளைச் சட்டைப் பையில் தயாராக இருக்கிறது. வந்த அன்று என்ன பாடு படுத்தினார். மூன்று வாரத்துக்கு முன்னால், மூச்சுக்குத் திணறுகிற நிலையில், ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாராம், அந்தக் கட்டடத்துக்கு என்னைக் கொண்டுபோகாதே என்று. அவருடைய அம்மா சாகும்போது அதே கட்டடத்துக்குத் தன்னை அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், இவரும் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். பழசெல்லாம் இடிச்சாச்சுப்பா, ஒரு கல்லுகூட மிச்சமில்ல, எல்லாம் புதுசு என்று பாலின் கெஞ்சிக் கூட்டிவந்தாள். புதுசு. கண்ணாடிக் கதவைப் பார்த்து ஏமாந்து உள்ளே வந்த மனிதரிடம், ஐயா, நீங்கள் எதைக் கண்டு எண்பது வருஷம் பயந்தீர்களோ அதில்தான் படுத்திருக்கிறீர்கள், எதைத் தேடி எண்பது வருஷம் அலைந்தீர்களோ அதுவும் இதுதான் என்று சொல்ல வேண்டும். ரேஸர் பிடித்த கையோடு சொல்ல வேண்டும். மத்தியானம் சாப்பிடும்போது டாக்டர் யசோதினியிடம் கேட்டேன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயசு, ஆனால் நிதானம் உண்டு. "அக்கா, இதை ஏன் தலையிலை போட்டுக்கொண்டு திரியிறீங்கள்? அந்த மனிசன் இன்னும் எத்தினை நாள் இருக்கப்போறார், மிஞ்சிப்போனால் ஆறு கிழமை. போய் அந்த வீட்டிலை இருந்து கேக் சாப்பிட்டுச் சந்தோசமா வரட்டும். பேசாமல் விடுங்கோ." இதயத்துக்கும் நல்லதில்லை என்றாள். டாக்டர் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன, நர்ஸ் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சரி என்றுதான் தட்டைக் கழுவி வைத்தேன், அங்கிருந்து வார்டுக்கு நடக்கிற தூரத்துக்குள் சரி இல்லை என்று ஆகிவிட்டது.

அப்பா பம்பாயில் மில் வேலையில் இருந்தார். இது ஏன் இப்போது வருகிறது, வருகிறது, ரேஸரைத் தண்ணீரில் அலசும்போது வருகிறது. எனக்கு ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை பம்பாயில் மில் வேலை. கடிதம் வரும், ஜெபக்கனிக்கு அப்பா எழுதிக்கொள்வது, நன்றாகப் படி, அம்மா சொல்கிறபடி கேள். சித்தப்பா கொண்டுவந்து கொடுப்பார், உறை இருக்காது, தபால்தலை இருக்காது, ஒரு தரம்கூட எனக்கு உறைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்கு. எனக்குப் பதினாறு வயதில் அப்பாவை அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்றார்கள். பத்தொன்பது வயதில் நர்ஸிங் பயிற்சியில் இரண்டு வாரம் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள், எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல். அங்கே கம்பவுண்டர் ஒருவர் என் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு முகத்தையே பார்த்தார். "நீ ஆசீர்வாதத்துக்க மவளால்லா?" என்றார். அப்பா பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கூட்டிக்கொண்டுபோய் ஒரு தறிக்கொட்டகையைக் காட்டினார், இங்கேதான் நெய்தார், கட்டுத்துணி, பேண்டேஜ், பத்து வருஷம். விரல் போன பிறகும் நெய்தாராம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், மாதம் ஒரு ஞாயிறு போயிருந்தால்கூடப் போதும். அம்மாவோடு மூன்று மாதம் பேசவில்லை. "ஒன்ன எவன் கெட்டுவான்னு நெனச்சேன். ஒங்கப்பாவும் புள்ள வரக்கூடாதுன்னுட்டாவ" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள், அப்புறம் அவளும் பேசவில்லை. அந்தக் கம்பவுண்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குப் பம்பாயில் ஒரு அப்பா இருந்திருப்பார், கடிதம் எழுதுகிற அப்பா. திறந்ததால் பன்னிரண்டு மைலில் ஒரு அப்பா கிடைத்தார், நான் ஒரு நாளும் போய்ப் பார்க்காத அப்பா. எது மேல் என்று இந்த வயது வரைக்கும் சொல்லத் தெரியவில்லை. கம்பவுண்டரை வாழ்த்துகிறேனா சபிக்கிறேனா என்பதும் தெரியவில்லை, இதில் நான் இன்னொருவருக்குக் கம்பவுண்டராகப் போகிறேனாம்.

வலது கன்னம் முடிந்தது. கழுத்துக்கு வருகிறேன், தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைச் சதை தொளதொளவென்று இருக்கிறது, இழுத்துப் பிடித்துத்தான் வழிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு தொண்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். இத்தனை நம்பிக்கை எனக்குப் பாரமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் என்ன. ஒன்றுமில்லை, வருவார், கேக் நன்றாக இருந்தது என்பார், ஆறு வாரத்தில் போய்விடுவார், எனக்கும் அடுத்த வசந்தத்தில் வேறு வார்டு, வேறு ஷூ. சொன்னால் என்ன. மூச்சு முட்டலாம், அழலாம், இந்த நிமிஷமே என்னை வெளியே கொண்டுபோ என்று கத்தலாம், பாலின் புகார் எழுதலாம், பதிவேட்டை நான் படித்ததே தப்பு, வேலைக்கு ஆபத்து. வியாழக்கிழமை மாவட்ட ஆவணக் காப்பகத்தார் வந்து பெட்டிகளை எடுத்துப் போகிறார்கள், பிரசவப் பதிவேட்டுக்கு நூறு வருஷம் பூட்டு. இன்றைக்கு விட்டால் விட்டதுதான். அப்படியானால் விட்டுவிடு, யசோதினி சொன்னபடி விட்டுவிடு. ஆனால் அந்த வரி. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் அந்தக் காலத்துத் தலைமை நர்ஸ், மேட்ரன், எழுதிய வரி இல்லையென்றால் நான் விட்டிருப்பேன், சத்தியமாக விட்டிருப்பேன். அந்தப் பக்கத்தில் பதினோரு தாய்மார், எட்டுப் பேருக்கு நேராகக் குழந்தை தத்து, குழந்தை இல்லத்துக்கு அனுப்பப்பட்டது, தத்து, தத்து என்று வருகிறது, இரண்டு பேருக்கு இறந்தது என்று வருகிறது. ஒரு வரிதான் வேறு மாதிரி. அது இவருக்குச் சேர வேண்டிய வரி, என் தலைக்குள் கிடந்து என்ன செய்யப்போகிறது. அந்த வரியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்க முடியுமா என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை, அதை எடுத்தால் கட்டடமும் கூடவே வருகிறது.

"மிஸ்டர் ஸ்னெல், நீங்க பிறந்தது அந்த வீட்டுல இல்ல." சொல்லிவிட்டேன். இடது கன்னம் முழுக்க நுரை இருக்கும்போது, இதைவிடக் கெட்ட நேரம் பார்க்க முடியாது, இப்போது சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பதினேழு என்பது வீடில்லை, பழைய வாசலுக்கு வைத்த எண், உள்ளே பிறக்கிற பிள்ளைகளுக்காக வைத்த எண். முன்கட்டடத்தைத்தான் இடித்தார்கள், இதை இடிக்கவில்லை, இதுதான் அன்றைக்குப் பிரசவ வார்டு. தாழ்த்திப் பலகை அடித்த கூரையைப் பார்க்கிறார், சுவரைப் பார்க்கிறார், சன்னலைப் பார்க்கிறார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்க்கிறேன், பயத்தில் எண்ண வரவில்லை. "இதுவா?" என்றார். ஆமாம் என்றேன். "அம்மைய இதுக்குள்ளயா வச்சிருந்தாவ?" ஆமாம் என்றேன். நுரை காய்ந்து கன்னத்தில் பொருக்குத் தட்டுகிறது. மெதுவாக, கோபமா வெட்கமா என்று தெரியாத குரலில், "அதான் வரமாட்டேன்னா" என்றார். பிறகு நான் அந்த வரியைச் சொன்னேன், மனப்பாடமாகத்தான் இருக்கிறது. எலன் ஸ்னெல், வயது பத்தொன்பது, வீட்டு வேலைக்காரி, மணமாகாதவள், மே ஒன்பதாம் தேதி ஆண் குழந்தை. குழந்தைக்கு இடம் பார்த்தாயிற்று, தாய் மறுத்துவிட்டாள், இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் மறுத்துவிட்டாள். பதினான்காம் நாள் தானே கேட்டு வெளியேறினாள், குழந்தையுடன், கால்நடையாக. எங்கே போனாள் என்று எழுதவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. "அம்மையோட அக்கா வீட்டுக்கு. எட்டு மைல்" என்றார். பதினான்கு நாள் பிள்ளையோடு, பச்சை உடம்போடு, எட்டு மைல். "நடந்தான்னு எங்கிட்ட சொன்னதே இல்ல சிஸ்டர்" என்றார், அப்போதுதான் அழுதார். பெரிய சத்தமில்லை, வாய் மட்டும் கோணிக்கொண்டது. நான் துண்டால் கண்ணையும் நுரையையும் சேர்த்துத் துடைத்தேன். எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அழுகை வரவில்லை, அத்தனை களைப்பு.

"இந்தப் பக்கத்தையும் வழிச்சு விடுங்க, பாலின் வந்துருவா" என்றார். திரும்பவும் நுரை போட்டு வழித்தேன். போகத்தான் போகிறீர்களா, வேண்டாமென்றால் உடம்பு முடியவில்லை என்று நான் பாலினிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "போவாண்டாமா? அந்தம்மா கேக்கு செஞ்சிருக்கு. எம்புள்ள ரெண்டு மாசமா அலைஞ்சிருக்கா." சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிராதிய. ஒரு கல்லுகூட இல்லன்னு சொல்லி என்னைய கூட்டிட்டு வந்தவ அவ. எங்க கொண்டாந்து போட்டோம்னு கெடந்து மருகுவா." பதிவேடு வியாழக்கிழமை போகிறது, பிறந்து நூறு வருஷம் ஆனால்தான் திறப்பார்கள் என்றேன். "அப்பம் இன்னும் பன்னெண்டு பதிமூணு வருசம் கெடக்கு. அதுக்கப்புறம் பாத்துக்கிடட்டும்" என்றார். டையைக் கட்டினேன், முடிச்சு இரண்டு தரம் கோணலாக வந்தது. எனக்கு ஆயாசமாக இருந்தது. சொல்லிவிட்டால் இத்தோடு ஒழிந்தது என்று நினைத்திருந்தேன், ஒளித்துவைக்கிற வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான், இப்போது அதில் நானும் கூட்டு. எங்கள் அம்மாவை மூன்று மாதம் பட்டினி போட்ட மாதிரி பேசாமல் போட்டேனே, அவளும் இப்படி யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு சொல்லிராதே என்று கேட்டிருப்பாள். சித்தப்பா கையை. கம்பவுண்டர் கையைப் பிடிக்கத்தான் விட்டுப்போயிற்று.

பாலின் மூன்று இருபதுக்கே வந்துவிட்டாள், சென்ட் வாசனையும் மழைக்கோட்டுமாக. அப்பாவைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கப்பா. சான்றிதழ் எடுத்தாச்சா? நீங்க பிறந்த வீட்டுல வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்." எடுத்தாச்சு என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார் கிழவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் வைத்துக்கொள்ள அவர் அம்மாவிடம் படித்தவர். நான் கால் மேல் கம்பளியைச் செருகினேன், ஆக்ஸிஜன் உருளையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன், மூச்சு வாங்கினால் உடனே போன் பண்ணு, மாடிப்படி ஏற்றாதே, தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் கீழேயே உட்காரட்டும் என்று பாலினிடம் சொன்னேன். மணி ஆகிறது, சீட்டு ஓடுகிறது என்று அவள் நாற்காலியைத் தள்ளினாள். வார்டு வாசலில் கிழவர் காலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். திரும்பி வார்டை ஒரு தரம் முழுக்கப் பார்த்தார், ஆறு கட்டில், பச்சைச் சுவர், சன்னல். பிறகு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன். அந்தக் கட்டில வேற யாருக்கும் குடுத்துராதிய." பாலினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூணு வாரமா வீட்டுக்குக் கொண்டுபோ, வீட்டுக்குக் கொண்டுபோன்னு என் உயிரை வாங்கின மனுஷனா இது" என்றாள். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றேன். அப்புறம்தான் காலை எடுத்தார்.